20 நிமிடம் போதும், குதிக்க வேண்டாம்

கேள்வி: எனக்கு வயது 37. ஐந்து வயதில் ஒன்றும் இரண்டரை வயதில் ஒன்றுமாக இரண்டு குழந்தைகள், இரண்டாவது சிசேரியன். தாய்ப்பால் நிறுத்தி ஓராண்டாகிறது. வேலைக்கும் போகிறேன். உயரம் 157 செ.மீ., எடை 71 கிலோ. காலையில் குழந்தைகள் எழுவதற்குள் கிடைக்கும் 20 நிமிடம்தான் எனக்கென்று இருக்கிறது. தூக்கத்தைக் குறைத்து அதை நீட்டி, தினமும் 45 நிமிட வீடியோ ஒன்றைப் பார்த்து மூன்று வாரம் குதித்துப் பயிற்சி செய்தேன். கூடவே 50 சிட்-அப். எடை 600 கிராம் கூடியிருக்கிறது. முழங்கால் வலிக்கிறது, குதிக்கும்போது சிறுநீர் கசிகிறது, வயிறு அப்படியே இருக்கிறது. காலையில் டீயும் இரண்டு பிஸ்கட்டும். மாலையில் பசி தாங்காமல் கையில் கிடைப்பதெல்லாம். குழந்தைகள் மிச்சம் வைப்பதும் என் வாய்க்குத்தான். ராத்திரி சாப்பாடு 10 மணிக்கு. இரவு உணவை விட்டுவிடலாமா? எந்தப் பயிற்சி செய்தால் வயிறு குறையும்? எப்போது பார்த்தாலும் அசதியாக வேறு இருக்கிறது.

பதில்: முதலில் அந்த வீடியோவை நிறுத்துங்கள், சிட்-அப்பையும் சேர்த்து. மூன்று வாரம் விடாமல் செய்திருக்கிறீர்கள். உங்கள் உறுதியில் எந்தக் குறையும் இல்லை. எடுத்துக்கொண்ட பயிற்சிதான் உங்கள் உடம்பின் இன்றைய நிலைக்குப் பொருந்தவில்லை. கைவசம் உள்ள 20 நிமிடத்தை வாரத்தில் 3 நாள் தசையை வலுவாக்கும் பயிற்சிக்குக் கொடுங்கள். எடையைக் குறைக்கும் பொறுப்பைச் சாப்பாட்டிடம் விடுங்கள். பலரும் இரண்டு பொறுப்பையும் பயிற்சியின் தலையிலேயே கட்டிவிட்டு, எடைக்கருவி அசையவில்லை என்று மனம் உடைந்து எல்லாவற்றையும் கைவிடுகிறார்கள்.

கணக்கைப் பாருங்கள். 71 கிலோ எடையுள்ள ஒருவர் 20 நிமிடம் தசைப் பயிற்சி செய்தால் ஏறக்குறைய 100 கிலோகலோரி செலவாகும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 120 இருக்கிறது. ஆகவே பயிற்சியால் மட்டும் எடையை விரட்டுவது நேரமில்லாதவருக்குக் கட்டுபடியாகாது. அப்படியானால் தசைப் பயிற்சி எதற்கு? சாப்பாட்டைக் குறைத்து மட்டும் எடை இறங்கினால், இறங்குவதில் ஒரு பங்கு தசையாகப் போய்விடும். தசைக்கு வேலை கொடுத்தபடி இறங்கினால் போவது பெரும்பாலும் கொழுப்பாக இருக்கும். அதோடு, இரண்டரை வயதுக் குழந்தை 12, 13 கிலோ இருக்கும். அதை நாளெல்லாம் தூக்கி இறக்குகிற இடுப்புக்கும் தோளுக்கும் அந்த வலு வேண்டும்.

கூடிய அந்த 600 கிராம் அனேகமாகக் கொழுப்பு அல்ல. பழக்கமில்லாத பயிற்சியைத் தொடங்கும்போது தசை நார்களில் நுண்ணிய காயம் ஏற்பட்டு, ஆறும்வரை அங்கே நீர் கோக்கும். தசை தன் எரிபொருளான கிளைகோஜனைக் கூடுதலாகச் சேமிக்கும். ஒவ்வொரு கிராம் கிளைகோஜனோடும் சுமார் 3 கிராம் நீர் சேரும். மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் 1 கிலோ வரை ஏறுவதும் சாதாரணம்தான்.

சிறுநீர் கசிவைப் பற்றிப் பேசுவோம். நிறையப் பெண்கள் இதை வெளியே சொல்வதே இல்லை. நீங்கள் எழுதியது நல்லதாயிற்று. குழந்தை பெற்றால் இப்படித்தான் என்று சகித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. கருப்பை, சிறுநீர்ப்பை, குடல் மூன்றையும் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசை, பிரசவம் சிசேரியனாக இருந்தாலும் கர்ப்பகால பாரத்தால் தளர்ந்துதான் போகும். குதித்து இறங்கும் ஒவ்வொரு முறையும் வயிற்றுக்குள் அழுத்தம் சட்டென்று ஏறி அந்தத் தசையைக் கீழே தள்ளுகிறது. தசை தாங்காத இடத்தில் சிறுநீர் கசிகிறது.

இதற்கான பயிற்சியை அமெரிக்க மகளிர்நோய் மருத்துவர் ஆர்னால்ட் கீகல் 1948-இல் விவரித்தார். இன்றும் முதல் சிகிச்சை அதுதான். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்குங்கள். வாயு வெளியேறாமல் அடக்குவது போல ஆசனவாயைச் சுருக்கி, அந்தச் சுருக்கத்தைச் சிறுநீர்த் துளை வரைக்கும் முன்னோக்கி இழுத்து, உள்ளே மேல்நோக்கித் தூக்குங்கள். 5 விநாடி பிடித்து, 5 விநாடி முழுதாகத் தளர்த்துங்கள். இப்படி 8 முறை. பிறகு சட்டென்று சுருக்கிச் சட்டென்று விடுவது 8 முறை. ஒரு நாளைக்கு மூன்று வேளை. போகப் போக 10 விநாடி வரை பிடிக்கலாம். குறைந்தது 3 மாதம் விடாமல் செய்ய வேண்டும். மூன்றாவது வாரத்தில் மாற்றம் தெரியவில்லை என்று நிறுத்துவதுதான் பெரும்பாலும் நடக்கும் தவறு. இன்னொரு தவறு, தூக்குவதற்குப் பதில் கீழே முக்குவது. மூச்சை அடக்கினாலோ வயிறு வெளியே உப்பினாலோ நீங்கள் முக்குகிறீர்கள் என்று அர்த்தம். சிறுநீர் கழிக்கும்போது பாதியில் நிறுத்திப் பழகாதீர்கள். சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாகாத பழக்கம் வந்துவிடும். இருமல், தும்மல் வருவதற்கு ஒரு நொடி முன்பும், குழந்தையைத் தூக்கும் முன்பும் இந்தத் தசையைச் சுருக்கிக்கொள்ளப் பழகுங்கள்.

வயிற்றையும் ஒருமுறை சோதித்துப் பாருங்கள். அதே நிலையில் படுத்து, விரல் நுனிகளைத் தொப்புளுக்கு மேல் குறுக்காக வைத்து, தலையையும் தோளையும் மட்டும் இரண்டு அங்குலம் தூக்குங்கள். நடுக்கோட்டில் விரல்கள் உள்ளே இறங்கும் பள்ளம் தெரிகிறதா? எத்தனை விரல் அகலம்? இரண்டு விரலுக்கு மேல் இருந்தாலோ, தலையைத் தூக்கும்போது நடுவயிறு கூரை முகடு போல நீளமாகப் புடைத்தாலோ, வயிற்றின் நடுவே மேலிருந்து கீழாக ஓடும் நேர்த்தசைகள் கர்ப்பத்தில் விலகி, இன்னும் சேரவில்லை. கொழுப்பே இல்லாதவருக்கும் இதனால் வயிறு தள்ளித் தெரியும். அந்த நிலையில் சிட்-அப் செய்வது விலகிய இடத்தையே மீண்டும் மீண்டும் வெளியே தள்ளும். விலகல் இல்லாவிட்டாலும் சிட்-அப் வயிற்றுக் கொழுப்பைக் கரைக்காது. எந்த இடத்துத் தசை வேலை செய்கிறதோ அந்த இடத்துக் கொழுப்பு எரியும் என்ற நம்பிக்கை தவறு. கொழுப்பு உடம்பு முழுவதிலிருந்தும் குறையும். எங்கே முதலில் குறையும் என்பது உங்கள் கையில் இல்லை. எனவே "எந்தப் பயிற்சியில் வயிறு குறையும்" என்ற கேள்விக்கு என் பதில், தனியாக அப்படி ஒரு பயிற்சி கிடையாது என்பதே.

இனி அந்த 20 நிமிடம். தேவையானவை ஒரு உறுதியான நாற்காலி, ஒரு விரிப்பு, புத்தகம் நிரப்பிய முதுகுப்பை ஒன்று. டம்பெல்லைவிட முதுகுப்பையையே நான் சொல்வேன்: எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம், குழந்தை காலில் போட்டுக்கொண்டாலும் ஆபத்து குறைவு. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் 1 கிலோ என்பதால் கணக்கும் சுலபம். முதல் 3 நிமிடம் நின்ற இடத்திலேயே நடை, தோள் சுழற்றல், நாற்காலியில் உட்கார்ந்து எழுவது என்று உடம்பைச் சூடாக்குங்கள். பிறகு நான்கு பயிற்சிகளை வரிசையாகச் செய்து ஒரு நிமிடம் ஓய்வு. இது ஒரு சுற்று, ஏறக்குறைய 5 நிமிடம். முதல் இரண்டு வாரம் 2 சுற்று, அதன்பின் 3 சுற்று. ஒவ்வொரு பயிற்சியும் 8 முதல் 12 முறை. நிறுத்தும்போது "இன்னும் இரண்டு மூன்று முறை முடியும்" என்ற நிலையில் இருக்க வேண்டும். இன்னும் பத்து முறை முடியும் என்றால் எடை போதவில்லை.

நாற்காலி ஸ்குவாட்: பாதங்கள் தோள் அகலம், விரல்கள் லேசாக வெளிப்பக்கம். மூன்று எண்ணும் நேரத்தில் இடுப்பைப் பின்னே தள்ளி இறங்கி, இருக்கையைத் தொட்டதும் மூச்சை விட்டபடி எழுங்கள். தொப்பென்று உட்காராதீர்கள். முழங்கால்கள் ஒன்றையொன்று நோக்கிச் சாய்வதுதான் வலிக்கு வழி. அவை இரண்டாவது கால்விரலின் திசையிலேயே போக வேண்டும். இப்போது உங்களுக்கு வலி இருப்பதால் இருக்கையில் ஒரு தலையணை போட்டு உயர்த்திக்கொள்ளுங்கள். 10-க்கு 3 அளவுக்குள் வலி இருந்து, மறுநாள் காலைக்குள் அடங்கிவிட்டால் தொடரலாம். அதைத் தாண்டினால் உயரத்தை இன்னும் கூட்டுங்கள்.

இடுப்பு மடக்கல்: சுவருக்கு ஓரடி முன்னால் முதுகு காட்டி நில்லுங்கள். முழங்காலை லேசாகத் தளர்த்தி, முதுகு வளையாமல், புட்டம் சுவரைத் தொடும்வரை இடுப்பைப் பின்னே தள்ளி மீண்டும் நிமிருங்கள். நான்கைந்து நாளில் அசைவு பிடிபட்டதும் பையைக் கையில் பிடித்துச் செய்யுங்கள். தொடையின் பின்பக்கம் இழுக்க வேண்டும். கீழ்முதுகில் பிடித்தால் பை உடம்பை விட்டு விலகியிருக்கிறது. கால்களை உரசியபடியே இறங்கட்டும். தொட்டிலிலிருந்து குழந்தையைத் தூக்குவதும் இதே அசைவுதான். நான்கில் ஒன்றை மட்டும் செய்ய நேரம் உண்டென்றால் இதைச் செய்யுங்கள்.

சாய்வு புஷ்-அப்: சமையல் மேடையின் விளிம்பில் கை வைத்து, தலை முதல் குதிகால் வரை நேராக இருந்து, நெஞ்சு மேடையை நெருங்கும்வரை இறங்கி எழுங்கள். முழங்கைகள் பக்கவாட்டில் விரியாமல் உடம்போடு 45 டிகிரியில் இருக்கட்டும். 12 முறை சுலபமானால் மேடையிலிருந்து நாற்காலி, பிறகு தரை. பை இழுத்தல்: ஒரு கையை நாற்காலியில் ஊன்றிக் குனிந்து, மறு கையால் பையை இடுப்பை நோக்கி இழுங்கள். தோள் காதருகே ஏறக்கூடாது. பால் கொடுத்தும் குனிந்து ஊட்டியும் முன்னே வளைந்துபோன மேல்முதுகுக்கு இதைவிட நல்லது வேறில்லை.

வாரத்தின் மூன்று பயிற்சி நாளில் நடுநாளில் மட்டும் சாய்வு புஷ்-அப்புக்குப் பதில் வயிற்றுக்கான குதிகால் வழுக்கலைச் செய்யுங்கள். மல்லாந்து படுத்து, முழங்கால் மடக்கி, மூச்சை விட்டபடி அடிவயிற்றை மெல்ல உள்ளிழுத்து, ஒரு குதிகாலைத் தரையோடு நீட்டி மடக்குங்கள். பக்கத்துக்கு 8 முறை. நடுவயிறு புடைத்தால் அந்த இடத்திலேயே நீட்டுவதை நிறுத்துங்கள். எல்லாப் பயிற்சியிலும் பலம் கொடுக்கும் பகுதியில் மூச்சு வெளியே போக வேண்டும். மூச்சைப் பிடித்தால் குதித்தபோது ஏறிய அதே அழுத்தம் இங்கேயும் ஏறும்.

மூன்று சுற்றிலும் 12 முறை வந்துவிட்டால் அடுத்த தடவை பையில் 1 கிலோ சேர்த்து, மறுபடி 8-இல் தொடங்குங்கள். வீட்டுப் பயிற்சி பலருக்கு இரண்டு மாதத்தில் பலனற்றுப் போவது இந்த ஒரு காரியத்தை விட்டுவிடுவதால்தான். அதே எடை, அதே எண்ணிக்கை என்று ஆறு மாதம் செய்தால் தசைக்கு வலுவாக வேண்டிய காரணமே இல்லை. ஒரு நோட்டில் தேதி, எடை, எண்ணிக்கை குறித்துவையுங்கள். பயிற்சிக்கு மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் தசை வலிப்பது இயல்பு. மூட்டில் குத்தும் வலி இயல்பல்ல.

இதயத்துக்கும் நுரையீரலுக்கும் நடை போதும். உலக சுகாதார நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டு வழிகாட்டல் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பும், குறைந்தது இரண்டு நாள் தசைப் பயிற்சியும் சொல்கிறது. ஒரே மூச்சில் 10 நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனை அதில் இல்லை. மாடிப்படியும், பேருந்து நிறுத்தம் வரை விரைந்து நடப்பதும், குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து நடப்பதும் சேரும். பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அதுதான் மிதமான வேகம். சாப்பிட்டவுடன் 10 நிமிட நடை ரத்தச் சர்க்கரை உயர்வையும் மட்டுப்படுத்தும். குதிக்கும் பயிற்சி பிடித்திருந்தால் பிறகு திரும்பலாம். ஒவ்வொரு காலிலும் 10 முறை நொண்டியடித்துப் பார்த்து, கசிவோ அடியில் பாரமோ வலியோ இல்லையென்றால் தொடங்கலாம்.

சாப்பாட்டுக்கு வருவோம். இரவு உணவை விட வேண்டாம். உங்கள் சிக்கல் இரவில் இல்லை, காலையில் இருக்கிறது. டீயும் பிஸ்கட்டும் மாவும் சர்க்கரையும்தான். புரதம் அனேகமாக இல்லை. மதியம் வரை வண்டி எப்படியோ ஓடிவிடுகிறது. மாலை 5 மணிக்கு உடம்பு மொத்தப் பாக்கியையும் ஒன்றாகக் கேட்கிறது. அந்த நேரத்தில் மனக்கட்டுப்பாட்டால் பசியை வெல்ல முயல்வது வீண். இரவையும் விட்டால் மறுநாள் மாலை இன்னும் மோசமாகும்.

காலையில் 20 கிராம் புரதம் என்பதை இலக்காக வையுங்கள். இரண்டு முட்டையில் 12 கிராம், ஒரு டம்ளர் பாலில் 7. முட்டை சாப்பிடாதவர் என்றால், வேகவைத்த கொண்டைக்கடலை ஒரு கப்பில் சுமார் 15, கூட 150 கிராம் தயிரில் 5. முட்டையையும் கொண்டைக்கடலையையும் முந்தைய இரவே வேகவைத்துக் குளிர்பெட்டியில் வைக்கலாம். காலையில் 3 நிமிட வேலைதான். நாள் முழுவதற்கும் உங்கள் எடைக்கு 75 முதல் 85 கிராம் புரதம் நல்ல அளவு. மூன்று வேளையிலும் 20, 25 கிராமாகப் பிரியட்டும், மீதி மாலைச் சிற்றுண்டியில் வரட்டும். மாலையில் பசி வருவதற்கு முன்பே, நாலரை மணிக்கு, ஒரு பழமும் 30 கிராம் வேர்க்கடலையும் சாப்பிடுங்கள். கடலை ஒரு சிறு கைப்பிடி, சுமார் 170 கிலோகலோரி. பையிலிருந்து நேராகத் தின்னாதீர்கள், 30 கிராமைத் தனியே எடுத்து வையுங்கள். ஐந்து வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளுக்கு முழுக் கடலை மூச்சுக்குழலில் சிக்கும் ஆபத்து உண்டு. சின்னவருக்குப் பங்கு கொடுக்காதீர்கள்.

மதியமும் இரவும் தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு பருப்பு, மீன், கோழி, முட்டை இவற்றில் ஒன்று, மீதிக் கால் பங்கு அரிசியோ கோதுமையோ. வீட்டுக்கென்று ஒரு சமையல், உங்களுக்கென்று ஒரு சமையல் என்று ஆரம்பிக்கவே வேண்டாம். அது இரண்டு வாரம் தாண்டாது. அதே உணவு, அளவு மட்டும் வேறு. எண்ணெயைப் பாட்டிலிலிருந்து சாய்க்காமல் கரண்டியால் அளந்து ஊற்றுங்கள். நாளுக்கு நான்கு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சர்க்கரை என்றால் 32 கிராம், 128 கிலோகலோரி. ஒவ்வொரு டீயிலும் வாரத்துக்கு அரைத் தேக்கரண்டி வீதம் குறைத்துக்கொண்டே வந்தால் நாக்கு எதிர்ப்புக் காட்டாது.

குழந்தைகளின் மிச்சம் ஒரு நாளில் 150, 200 கிலோகலோரி எளிதாகச் சேர்த்துவிடும். வீணாக்க மனம் வராதது புரிகிறது. முதலில் பாதி அளவே பரிமாறுங்கள், கேட்டால் மறுபடி போடலாம். தட்டில் தொடாமல் மீந்ததை மூடி வைத்து அடுத்த வேளைக்குக் கொடுங்கள். இரவு 10 மணிச் சாப்பாட்டைக் குழந்தைகள் உண்ணும் நேரத்துக்கே கொண்டுவாருங்கள். கூட உட்கார்ந்து உங்கள் தட்டில் சாப்பிட்டால் மிச்சத்தைக் கொறிப்பதும் தானாகக் குறையும்.

இவ்வளவும் சேர்ந்து நாளுக்கு 400 கிலோகலோரி குறைந்தால், ஒரு கிலோ கொழுப்பில் ஏறக்குறைய 7,700 இருப்பதால், வாரத்துக்குச் சுமார் 360 கிராம் இறங்கும். மெதுவாகத் தெரியலாம். மிக வேகமாக இறக்கினால் தசையும் தலைமுடியும் சேர்ந்து போகலாம். மருத்துவக் கண்காணிப்பு இல்லாமல் 1,200 கிலோகலோரிக்குக் கீழே போகவே போகாதீர்கள்.

எப்போதும் அசதி என்று எழுதியதைக் கடந்துபோக முடியவில்லை. ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்: ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், தைராய்டுக்கான டி.எஸ்.ஹெச். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழ் இருந்தால் அது ரத்தசோகை. ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் இரும்பின் இருப்பு வற்றியிருக்கலாம் என்பதால்தான் ஃபெரிட்டின். மாதவிலக்கு அதிகமாகப் போகிறவர் என்றால் கட்டாயம் பாருங்கள். இந்தக் குறை இருக்கும்வரை எந்தப் பயிற்சியும் தண்டனையாகத்தான் தெரியும். தூக்கமும் அப்படியே. இனி தூக்கத்தை வெட்டிப் பயிற்சி செய்யாதீர்கள். இரவு 5 மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கியிருந்தால் அன்று ஒரே சுற்று போதும். குழந்தைக்குக் காய்ச்சல் வந்து ஒரு வாரம் விட்டுப்போனால், விட்டதைச் சேர்த்துச் செய்ய முயலாமல் பையில் 1 கிலோ குறைத்து 2 சுற்றிலிருந்து தொடங்குங்கள். அந்த மூன்று காலையிலும் குழந்தை எழுந்துவிட்டால் யார் பார்ப்பது என்பதை வீட்டில் இப்போதே பேசி முடிவு செய்யுங்கள். "நேரம் கிடைத்தால் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று பொதுவாகச் சொன்னால் நடக்காது. கிழமையும் மணியும் சொல்லிக் கேளுங்கள்.

எடையை வாரத்தில் மூன்று காலை, கழிவறை போய்வந்த பிறகு பார்த்துச் சராசரி எடுங்கள். நான்கு வாரச் சராசரிகளை ஒப்பிட்டால்தான் உண்மை தெரியும். இடுப்புச் சுற்றளவை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் உச்சிக்கும் நடுவில், இயல்பாக மூச்சை விட்ட நிலையில் அளங்கள். பெண்களுக்கு 80 செ.மீ.க்கு மேல் போனால் இதயநோய், நீரிழிவு ஆபத்து கூடத் தொடங்குகிறது. எடை நின்றுபோன வாரங்களிலும் இந்த அளவு இறங்குவதுண்டு.

பிறப்புறுப்பில் ஏதோ கீழே இறங்குவது போன்ற பாரம், வயிற்றில் இருமினால் தனியாகப் புடைக்கும் கட்டி, பயிற்சியின்போது நெஞ்சு வலி அல்லது மயக்கம், ஒரு கெண்டைக்காலில் மட்டும் வீக்கம், பூட்டிக்கொள்ளும் அல்லது வீங்கும் முழங்கால், இவற்றில் எது இருந்தாலும் பயிற்சியை நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். நெஞ்சு வலி உடனேயும், கெண்டைக்கால் வீக்கம் அன்றேயும் பார்க்க வேண்டியவை. மூன்று மாத இடுப்புத்தளப் பயிற்சிக்குப் பிறகும் கசிவு குறையவில்லை என்றால் பெண்கள் நலப் பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் போங்கள். தசையைச் சரியாகச் சுருக்குகிறீர்களா என்று அவர் பரிசோதித்துச் சொல்வார்.